120 மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது? மேல்நிலைப் பள்ளிச் சேவைத் திட்டங்கள் குறித்து ஓர் ஒப்பீடு

ஒவ்வோர் ஆண்டும் பதினோராம் வகுப்புச் சேர்க்கை முடிந்து பாடங்கள் சூடுபிடிப்பதற்குள், தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் வேலை நடந்துவிடுகிறது. பெயர் கொடுத்த மாணவர்களும் திட்ட அலுவலரான ஆசிரியரும் கூடி, இந்த ஆண்டு என்ன செய்யலாம் என்று பேசும்போது வழக்கமாகச் சில யோசனைகள் வரும்: மரம் நடலாம், ஏரிக்கரையைச் சுத்தம் செய்யலாம், விழிப்புணர்வுப் பேரணி போகலாம், பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கலாம், முதியோருக்கு உதவலாம். எல்லாமே நல்ல காரியங்கள் என்பதால், எதை எடுத்துக்கொண்டாலும் ஒன்றுதான் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் பதினாறு வயது மாணவர்களின் உழைப்பும் ஆர்வமும் எங்கே பலன் தருகின்றன, எங்கே வீணாகின்றன என்பதில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் கையில் இருக்கும் நேரத்தைக் கணக்கிடுவோம். காந்தியடிகள் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்ட இத்திட்டம் பின்னாளில் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிவடைந்தது. ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். அதனுடன் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் கலந்துகொள்ள வேண்டும். அறிமுக வகுப்புகள், பள்ளி வளாகப் பணிகள், தேசிய தினக் கொண்டாட்டங்கள் ஆகியவற்றையும் தேர்வு வாரங்களையும் கழித்துவிட்டால், ஊருக்கென்று மிஞ்சுவது வாரத்துக்கு இரண்டு மணி நேரமாக ஏறத்தாழ முப்பது வாரங்கள்தான். பன்னிரண்டாம் வகுப்பில் பொதுத்தேர்வு கழுத்தை நெருக்கும் என்பதால், உருப்படியான பணி நடப்பது பெரும்பாலும் பதினோராம் வகுப்பில்தான். ஆகவே ஒரு மாணவரிடம் இருப்பது இரண்டு வகையான நேரம்: வாரந்தோறும் சொட்டுச் சொட்டாகக் கிடைக்கும் இரண்டு மணி நேரம் ஒன்று, முகாமில் சேர்ந்தாற்போல் கிடைக்கும் ஏழு நாள் மற்றொன்று. தொடர்ந்து செய்தால் மட்டுமே பலன் தரும் வேலைகள் முதல் வகைக்குப் பொருந்தும். கூட்டமாகச் சேர்ந்து ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய வேலைகள் இரண்டாவதற்குப் பொருந்தும். பல பள்ளிகளில் திட்டம் சறுக்குவதற்கு மாணவர்களின் அக்கறைக் குறைவு காரணமாக இருப்பதில்லை. தொடர்ச்சி தேவைப்படும் வேலையை முகாமிலும், ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதை வார வேலையாகவும் வைத்துக்கொள்வதே காரணமாக இருக்கிறது.

எந்த யோசனை வந்தாலும் அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அடுத்த வாரம் நாம் போகாமல் இருந்துவிட்டால், 'ஏன் வரவில்லை?' என்று யாராவது கேட்பார்களா? கேட்பார்கள் என்றால் அங்கே உண்மையான தேவை இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு முன் முதலில் தடுமாறுவது ஒருநாள் நிகழ்ச்சிகள்தான். பதாகை பிடித்துக் கடைத்தெரு வழியாகச் சென்று, முழக்கமிட்டு, துண்டறிக்கை கொடுத்துவிட்டுத் திரும்பும் பேரணிக்கு முக்கால் நாள் பாடம் போய்விடுகிறது. அந்தத் துண்டறிக்கைகளில் பாதி அன்று மாலையே சாக்கடையோரம் கிடக்கும். ஏரிக்கரைத் தூய்மைப் பணி கண்ணுக்குப் பலன் தெரியும் வேலைதான் என்றாலும், குப்பை எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தைத் தொடாதவரை சில வாரங்களில் கரை பழைய நிலைக்கு வந்துவிடும். உடைந்த கண்ணாடி, ஊசி, மருத்துவக் கழிவு ஆகியவற்றுக்கு நடுவே கனமான கையுறையும் காலணியும் இல்லாமல் மாணவர்களை இறக்கிவிடுவது ஆபத்தானதும்கூட. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அந்தத் தடையை ஒட்டி, பள்ளியைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகள், உணவகங்கள், ஒரு கல்யாண மண்டபம் என்று சிறு எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, மாதந்தோறும் போய்ப் பார்த்து, மாற்றுப் பொருள் எங்கே என்ன விலைக்குக் கிடைக்கிறது என்ற தகவலைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பணி, பத்துப் பேரணிகளைவிடப் பயனுள்ளது. அதைச் செய்வதற்குப் பொறுமையும் கடைக்காரர்களிடம் மரியாதையாகப் பேசும் பழக்கமும் வேண்டும் என்பதால் பெரும்பாலான பள்ளிகள் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

விழிப்புணர்வுப் பணிகளில் விதிவிலக்காக நான் மதிப்பது கண் தானம் குறித்த பணியை. ரத்த தானத்துக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் பள்ளி மாணவர்களால் நேரடியாக ரத்தம் கொடுக்க இயலாது. கண் தானத்திலோ, மாணவர்கள் தங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் பேசும் பேச்சுக்கே பயன் இருக்கிறது. இறந்தபின் ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்க வேண்டும். கண்ணாடி அணிந்தவர்களும் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களும்கூடத் தரலாம். குழுவினர் வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்வார்கள். துக்க வீட்டில் அந்த ஆறு மணி நேரத்துக்குள் யாராவது ஒருவருக்கு இது நினைவுக்கு வந்து, யாரைக் கூப்பிடுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவராக ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவி இருக்கலாம். ஆனாலும் இதை ஆண்டு முழுவதற்குமான திட்டமாக நீட்ட முடியாது. மற்றொரு பணியோடு சேர்த்துக்கொள்ளத் தக்க துணைப்பணி இது.

அடுத்தது மரம் நடுதல். இதில் ஒரு முக்கியமான பிரிவினை செய்தாக வேண்டும்: நாற்று நடுவது வேறு, பனை விதைப்பது வேறு. வேம்பு, புங்கன், நாவல், பூவரசு என்று எதை நட்டாலும் முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். ஆடுமாடுகளிடமிருந்து காக்க முள்வேலியோ கூண்டோ வேண்டும். கோடை விடுமுறை வருகிற ஏப்ரல், மே மாதங்களில்தான் நாற்றுக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும்; மாணவர்கள் பள்ளிக்கு வராத மாதங்களும் அவையே. ஆகவே ஐந்நூறு நாற்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதைவிட, நடுபவரின் வீட்டுக்கு நூறடி தூரத்துக்குள், வீட்டுத் தண்ணீர் எட்டும் இடத்தில், தலைக்கு ஒன்று அல்லது இரண்டு மட்டும் நட்டு, இரண்டு கோடை தாண்டி அது நிற்கிறதா என்று பதிவேட்டில் குறித்துக்கொள்வதே சரி. எண்ணிக்கை சிறியதாகத் தெரிந்தாலும், நிழல் தருவதற்கு மிஞ்சுவது இவைதாம்.

பனை அப்படிக் கவனிப்பைக் கேட்பதில்லை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பனம்பழம் விழும் காலம். காலாண்டுத் தேர்வு விடுமுறையும், பல பள்ளிகளின் சிறப்பு முகாமும் அதே சமயத்தில்தான் வருகின்றன. அடுத்து வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. விதைக்குக் காசு கிடையாது, தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. பத்தடிக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு கிலோமீட்டர் நீளக் கரைக்கு முந்நூற்றுச் சொச்சம் குழிகள் வரும். விதை பொறுக்குவது, குழி தோண்டுவது, விதைப்பது எல்லாம் சேர்த்து ஒரு முகாமின் மூன்று நான்கு நாட்களுக்கு அளவான வேலை. வேர்கள் மண்ணைப் பிடித்து நிறுத்துவதால் ஏரிக்கரைக்கும் நல்லது. முன்கூட்டியே செய்ய வேண்டியது அனுமதி வாங்குவது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும் அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருப்பதால், யாரிடம் மனுக் கொடுப்பது என்று ஜூலையிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பனையின் குறை, பலனைக் கண்ணால் காண முடியாமை. விதைத்த குழியில் சில மாதங்கள் வரை மேலே எதுவும் தெரியாது. முளை முதலில் மண்ணுக்குள் கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகிறது, அதன்பிறகே ஈட்டி போன்ற முதல் இலை வெளியே வருகிறது. இடையில் கிழங்குக்காகத் தோண்டுபவர்களும் காட்டுப்பன்றிகளும் உண்டு. ஆண் பனையா பெண் பனையா என்பது பாளை விடும்போதுதான் தெரியும். அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகலாம். 'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். பதினாறு வயதில் பனை விதைத்தவருக்கோ தின்னவும் காலம் இருக்கிறது என்பதால், முகாம் வேலைகளில் பனை விதைப்பை நான் முதலிடத்தில் வைப்பேன். ஆனால் ஆண்டு முழுவதும் வாரம் இரண்டு மணி நேரம் கொடுக்க இதில் வேலை இருக்காது.

நகரத்துப் பள்ளிகளுக்கு ஏரிக்கரையும் பனம்பழமும் எட்டாது. அங்கே முகாமுக்கு உகந்தது மழைநீர் சேகரிப்பு அமைப்புகளைச் சரிபார்க்கும் பணி. தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அவசர அவசரமாக அமைக்கப்பட்டவற்றில் பலவும் பின்னர் பராமரிப்பின்றிப் போயின. மாடியிலிருந்து வரும் குழாய் உடைந்திருக்கும், வடிகட்டும் தொட்டியின் மணலும் ஜல்லியும் சேறு பிடித்துக் கல்லாக இறுகியிருக்கும், சில வீடுகளில் குழாய் நேரே தெருச் சாக்கடையில் முடியும். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் தண்ணீர் விழுகிறது. போன கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற தெருவில் இந்தக் கணக்கைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். செப்டம்பரில் இரண்டு தெருக்களை வீடு வீடாகப் பார்த்து, எந்த வீட்டில் என்ன பழுது என்று ஒரு பட்டியல் தயாரித்து, தொட்டியைத் திறந்து மணலைக் கழுவிப் போடுவது போன்ற சிறு வேலைகளை வீட்டுக்காரருடன் சேர்ந்து செய்யலாம். பெரிய பழுதுகளை குழாய் வேலை தெரிந்தவரிடம்தான் விட வேண்டும். கிணற்றுக்குள்ளும் மூடிய தொட்டிக்குள்ளும் மாணவர்கள் எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது. 2019 கோடையில் சென்னை பட்ட பாட்டை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இதற்குக் கதவைத் திறப்பார்கள். முன்பின் தெரியாத வீட்டுக்குள் போக வேண்டியிருப்பதால், ஆசிரியரோ குடியிருப்போர் சங்கத்தவரோ உடன் வராமல் இதைத் தொடங்கக் கூடாது.

முதியோருக்கு உதவும் பணியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வரும் வயதானவர்கள், வாசலில் மனு எழுதித் தருபவருக்குப் பணம் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பதைப் பார்த்தால், நம் மாணவர்கள் இதைச் செய்யலாமே என்று தோன்றும். தோன்றுவது நியாயம்தான். ஆனால் ஓய்வூதியம், பட்டா, குடும்ப அட்டை போன்றவற்றில் ஆதார் எண்ணும் கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணும் கை மாறுகின்றன. ஓர் எண் தவறாகப் பதிந்தால் மாத உதவித்தொகையை நம்பி வாழும் ஒருவருக்கு அதைச் சரிசெய்யப் பல நடை ஆகும். திங்கட்கிழமை பள்ளி நாள் என்பது வேறு. வங்கிச் சீட்டு நிரப்புவது, வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது, மருந்துச் சீட்டில் காலை மாலை அளவைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டால் இது அருமையான பணி. அதைத் தாண்டிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வார இரண்டு மணி நேரத்துக்கு என்னுடைய தேர்வு, பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது. காரணத்தை ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் விளங்கும். 'கொடி' என்ற சொல்லைக் காட்டினால், க, ட எல்லாம் தனித்தனியாகத் தெரிந்த அந்தக் குழந்தை, ஒற்றைக்கொம்பைப் பார்த்ததும் 'கெ' என்று தொடங்கி, பின்னால் நிற்கும் துணைக்காலை என்ன செய்வது என்று தெரியாமல் திகைத்து, அடுத்த எழுத்துக்குப் போகாமலே நின்றுவிடுகிறது. கொம்பும் காலும் ஓர் எழுத்தின் இரு பக்கமும் நின்று ஒரே ஒலியைத் தருகின்றன என்பதை, கொடி, கொசு, தொடு, பொரி என்று நாலைந்து சொற்களில் விரல் வைத்துக் காட்டிவிட்டால் அந்தத் தடை விலகும். இதற்கு ஆசிரியப் பயிற்சி தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு குழந்தை எங்கே நிற்கிறது என்று பார்க்கும் அவகாசம் வேண்டும். முப்பது பிள்ளைகளையும் இரண்டு மூன்று வகுப்புகளையும் ஒன்றாக வைத்துச் சமாளிக்கும் ஆசிரியருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. பதினோராம் வகுப்பு மாணவரிடம் அது இருக்கிறது.

இப்பணியின் பலனை அளக்கவும் முடிகிறது என்பது மற்றொரு பெருஞ்சிறப்பு. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, குழந்தைகளின் கற்றல் நிலையை அறிய 2005 முதல் நடத்திவரும் அசர் ஆய்வின் முறை மிக எளிமையானது: குழந்தையைத் தனியாக உட்காரவைத்து, எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று படிப்படியாக வாசிக்கச் சொல்லி, எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். இதையே பின்பற்றி ஜூலையில் ஒருமுறை, காலாண்டுத் தேர்வுக்குப் பின் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை பார்த்துக் குறித்தால், சொல்லில் நின்ற குழந்தை பத்திக்கு வந்ததா என்பது தெரிந்துவிடும். புத்தகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. அரசின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் இருக்கின்றன. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

இதற்கு நிபந்தனைகள் உண்டு, அவற்றில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஒரு தொண்டருக்கு இரண்டு குழந்தைகளுக்கு மேல் கூடாது; கூடினால் அது மறுபடியும் வகுப்பாகிவிடும். பணி வகுப்பறையிலோ தாழ்வாரத்திலோ அப்பள்ளி ஆசிரியரின் கண்பார்வையில் நடக்க வேண்டும். குழந்தையைத் தனியே அழைத்துச் செல்வதும், படம் எடுத்து வெளியே பகிர்வதும் கூடாது. அதட்டலும் குட்டும் அறவே ஆகாது. தான் சிறுவயதில் வாங்கிய குட்டைத் திருப்பிக் கொடுக்கும் மாணவர் ஒருவர் இருந்தாலும் திட்டம் கெட்டுவிடும். வாரா வாரம் அதே தொண்டர் அதே குழந்தையிடம் போக வேண்டும். தொடக்கப் பள்ளி நேரமும் மேல்நிலைப் பள்ளி நேரமும் ஒன்றாக இருப்பதால், வாரத்தில் ஒரு நாள் கடைசி இரண்டு பாடவேளைகளை விட்டுக்கொடுக்கத் தலைமையாசிரியர் ஒப்புக்கொள்ள வேண்டும். இதில்தான் பெரும்பாலான முயற்சிகள் தடைப்படுகின்றன. 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை நேர மையங்கள் நடந்த ஊர்களில், அப்படிப்பட்ட மையத்தில் துணை நிற்கலாம் என்ற யோசனையும் வரும். மாலை ஏழு மணிக்கு மேல் பெண்பிள்ளைகள் வீடு திரும்புவதைப் பெற்றோர் விரும்பமாட்டார்கள் என்பதால் பள்ளி நேரமே நல்லது.

தேர்வு செய்யும்போது பெற்றோர் பக்கமிருந்து வரும் ஒரு கேள்விக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது: எந்தத் திட்டத்தின் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம்? நாட்டு நலப்பணித் திட்டச் சான்றிதழில் பனையும் வாசிப்பும் பேரணியும் ஒன்றுபோலவே எழுதப்படும். வெளிநாட்டுக் கல்லூரிக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கிறவர்களிடம் என்ன செய்தாய், என்ன மாறியது என்று கேட்பார்கள். அங்கே ஒன்பது மாதம் ஒரே வேலையைச் செய்தவரிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கும், ஒன்பது நிகழ்ச்சிகளில் தலைகாட்டியவரிடம் இருக்காது. அதற்காகவே ஒரு பணியைத் தேர்ந்தெடுப்பது எனக்கு உடன்பாடில்லை என்றாலும், அந்தக் கணக்கும் தொடர்பணிக்கே சாதகமாக இருக்கிறது.

பக்கத்தில் தொடக்கப் பள்ளி இருந்து, வாரம் ஒரு நாள் இரண்டு பாடவேளை கிடைக்கும் பள்ளி, வாசிப்பையே ஆண்டுப் பணியாக எடுத்துக்கொண்டு, முகாமைக் கிராமமானால் பனைக்கும் நகரமானால் மழைநீருக்கும் கொடுக்கலாம். பாடவேளை கிடைக்காத பள்ளி, சனிக்கிழமைகளில் கடைகளோடு செய்யும் பிளாஸ்டிக் மாற்றுப் பணியையோ முதியோருக்கான எழுத்துதவியையோ எடுக்கட்டும். ஆசிரியர் ஒருவரே ஐம்பது பேரைக் கவனிக்க வேண்டிய நிலையில் நான்கு பணிகளைப் பிரித்துக் கொடுத்தால் ஒன்றையும் மேற்பார்க்க முடியாது. அங்கே ஒரு பணிக்கு மேல் வேண்டாம்.

முடிவெடுத்தபின் முதல் வேலை, ஜூலை முதல் வாரத்தில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரை மாணவர்கள் இருவரோடு நேரில் போய்ப் பார்ப்பது. எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இன்னும் சொல் நிலையைத் தாண்டவில்லை, எந்த நாள் எந்த நேரம் அவருக்கு வசதி, எந்த ஆசிரியர் உடன் இருப்பார் என்ற மூன்றையும் அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டால், மீதித் திட்டத்தை அந்தத் தாளிலிருந்தே போட்டுவிடலாம். பிப்ரவரியில் அந்தத் தாளையும் குழந்தைகளின் நிலைக் குறிப்புகளையும் ஒரு நோட்டில் சேர்த்து, ஒரு நகலை அந்தப் பள்ளியில் கொடுத்துவிட்டு, மற்றொன்றை அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்புக்கு வருபவர்களுக்காகத் திட்ட அலுவலரிடம் வைத்துவிட வேண்டும்.